புதிய நோயும் அல்ல, பெண்களுக்கு மட்டுமானதும் அல்ல
அடக்க முடியாமல் பொருட்களை வாங்கிக் குவிக்கும் கோளாறைப் பற்றி, 'இணையக் கடைகள் வந்த பிறகு மருத்துவர்கள் கட்டிவிட்ட நோய் இது, அதுவும் பெண்களுக்குத்தான்' என்கிறீர்கள். இரண்டும் தவறு. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் இதை 'ஓனியோமேனியா' (வாங்கும் வெறி) என்று விவரித்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது கணினியே கிடையாது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பெண்களில் 6 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 5.5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாக மதிப்பிடப்பட்டது. (ஆண்கள் வாங்கிக் குவித்தால் அதற்குச் 'சேகரிப்பு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்!)

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயாகப் பட்டியலிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழ் இதைக் குறிப்பிடுகிறது. தள்ளுபடியில் நான்கு சட்டை கூடுதலாக வாங்குவதையெல்லாம் இதில் சேர்க்காதீர்கள். வாங்கும் முன் அடக்க முடியாத பதற்றம், வாங்கியதும் சற்றுநேர நிம்மதி, பிறகு குற்ற உணர்வு, பிரிக்காமலே ஒளித்துவைத்த பொட்டலங்கள், ஏறிக்கொண்டே போகும் கடன்: மருத்துவர்கள் பார்ப்பது இந்தச் சுழலைத்தான்.