சம்புநாத் டேயின் எச்-இன்டெக்ஸ் என்ன?

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் இப்போது என் வேலையில் சிறு பகுதிதான். ஆண்டின் பெரும்பகுதி பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவதிலேயே கழிகிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருகிறதென்றால் ஒரு படிவம், நடுவண் அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு ஒரு படிவம், பதவி உயர்வுக்கு வேறொரு படிவம். எத்தனை கட்டுரைகள், எந்த இதழில், பெயர் வரிசையில் எத்தனையாவது இடம், பிறர் கட்டுரைகளில் எத்தனை மேற்கோள்கள், அவற்றை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு, வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாய்வு உண்டா என்பவைதாம் எல்லாவற்றிலும் கேட்கப்படுகின்றன. அந்தக் கட்டுரை எதைக் கண்டுபிடித்தது என்று கேட்கும் கட்டம் ஒன்றை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் ஓர் இணைப் பேராசிரியரின் பட்டியலைத் தயாரிக்க, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ் தளத்தைத் திறந்தபோது, அவர் அங்கே மூன்று ஆட்களாக இருந்தார். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான். ஓர் இதழ் தந்தை பெயரை விரித்து அதையே குடும்பப் பெயராக்கியிருந்தது. இன்னொன்று இனிஷியலைப் பின்னால் தள்ளியிருந்தது. மூன்றாவது அவர் எழுதிக் கொடுத்தபடியே அச்சிட்டிருந்தது. மூன்றாகப் பிரிந்து கிடந்தபோது 5, 4, 3 என்று இருந்த எச்-இன்டெக்ஸ், நான் திருத்தக் கோரிக்கை அனுப்பி மூவரையும் ஒருவராக்கிய பிறகு 8 ஆனது. இடைப்பட்ட இரண்டு வாரங்களில் அவர் புறநோயாளிகளைப் பார்த்தார், தேர்வுத் தாள் திருத்தினார். ஆராய்ச்சி என்று எதுவும் செய்யவில்லை. ஆனாலும் படிவத்தின்படி அவர் வளர்ந்துவிட்டார். 2012இல் ஆர்கிட் எனும் 16 இலக்க அடையாள எண் வந்தபிறகு இந்தத் தொல்லை ஓரளவு குறைந்திருக்கிறது என்றாலும், அதற்கு முந்தைய கட்டுரைகளுக்கு இன்றும் கையால்தான் முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது.

எச்-இன்டெக்ஸ் என்பதை 2005இல் வகுத்துக் கொடுத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் எனும் கலிஃபோர்னிய இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் எட்டு, தலா எட்டு முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 8. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதைப் பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எண் 1தான். கணக்கு எளிது, சட்டென்று புரிகிறது, இரண்டு பேரை அருகருகே நிறுத்தி ஒப்பிட வசதியாக இருக்கிறது. நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பட்டியல் தயாரான அன்று மாலை வேலை முடிந்த பிறகு, வேறு ஒன்றுக்கும் அல்ல, என் மனத்தை ஆற்றிக்கொள்வதற்காக, அதே படிவத்தில் காலரா ஆராய்ச்சியாளர் சம்புநாத் டேயின் விவரங்களை நிரப்பத் தொடங்கினேன்.

டே 1915இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் ராய் கேமரானிடம் ஆராய்ச்சி செய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அப்போது ஆராய்ந்தது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றி. கேமரானும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த ஆண்டே வெளிவந்தது. ஊர் திரும்பியதும் அவர் எடுத்துக்கொண்டது காலரா. 1883 இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு கிருமியை உறுதிசெய்த ராபர்ட் காக், அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அப்போதே ஊகித்திருந்தார். ஆனால் அதன்பின் வந்தவர்களின் சோதனை விலங்குகளில் மனிதருக்கு வருவதுபோன்ற பேதி ஏற்படாததால், அந்த ஊகம் எழுபது ஆண்டுகளாக அந்தரத்திலேயே நின்றது.

டே செய்த சோதனையை எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் செய்துவிடலாம். முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, கட்டுகளுக்கு நடுவே காலரா கிருமியை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டப்பட்ட அந்தத் துண்டு மட்டும், காலரா நோயாளிக்குப் போகும் கழுநீர் போன்ற நீரால் உப்பிக் கிடந்தது. சட்டர்ஜியுடன் சேர்ந்து இதை 1953இல் வெளியிட்டார். அடுத்து 1956இல், பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை கிருமிகளில் சிலவும் இதேபோல் கட்டிய குடல் துண்டை உப்ப வைக்கின்றன என்று காட்டினார். குடல் நஞ்சு சுரக்கும் ஈ. கோலை என்று இன்று பாடப்புத்தகங்கள் தனி வகையாகப் பிரித்துச் சொல்வதன் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிநீரை மட்டும் குடலுக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆக, வேலையைச் செய்வது கிருமியின் உடல் அல்ல, அது வெளியே சுரக்கும் நஞ்சு. 1959 மே மாதம் நேச்சர் இதழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் சிறு கட்டுரையாக, தன் ஒருவர் பெயரில் மட்டும், இதை வெளியிட்டார்.

இப்போது படிவத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை முதல் சில ஆண்டுகள் பெரிதாக யாரும் மேற்கோள் காட்டவில்லை. 1960களில் காலரா ஆய்வு மீண்டும் சூடுபிடித்து, 1969இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும் அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தபோதுதான், கல்கத்தாக்காரர் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று துறை பரவலாகத் திரும்பிப் பார்த்தது. எங்கள் படிவமோ கடந்த ஐந்து ஆண்டுகளின் மேற்கோள்களைத்தான் கேட்கிறது. 1964இல் டே பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தால், வாழ்நாளின் மிகச் சிறந்த கட்டுரைக்கு எதிரே நான் மிகச் சிறிய எண் ஒன்றைத்தான் எழுதியிருப்பேன். அவர் 1973இல் ஓய்வு பெற்றார். முக்கியமான இந்திய அறிவியல் அகாடமி எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோது, தான் 1960களின் தொடக்கத்திலேயே செத்துப்போனவன் என்றும், கருத்தரங்குக் குழு தன்னைத் தோண்டி எடுத்திருக்கிறது என்றும் அங்கே பேசினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்திருந்தார். 1985இல் டே காலமானார்.

மேற்கோள்களை எண்ணும் பழக்கத்தையே உலகுக்குக் கொடுத்தவர் ஃபிலடெல்ஃபியாவின் யூஜின் கார்ஃபீல்டு. 1955இல் அந்த யோசனையை எழுதி, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டுக் கொண்டுவந்தவர் அவர். 1986இல், டே இறந்த மறு ஆண்டு, தன்னிடமிருந்த மேற்கோள் தரவுகளை வைத்துக் காலரா ஆய்வின் வரைபடத்தைப் போட்டு, டே எவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் இருந்தார், பின்னால் எப்படி நடுமையத்துக்கு வந்தார் என்று விரிவாக எழுதினார். அதனால்தான் எண்ணுவதையே கண்ணை மூடிக்கொண்டு நான் பழிப்பதில்லை. யார் யாரைப் படித்தார்கள், எப்போது படித்தார்கள், ஒரு கருத்து எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதையெல்லாம் மேற்கோள் அட்டவணைபோலக் காட்டும் கருவி வேறில்லை. ஆனால் அது வாசித்தவர்களின் வரலாறு. அதை எழுதியவருடைய மதிப்பெண் பட்டியலாக வாசிப்பதுதான் நாம் செய்யும் பிழை. கார்ஃபீல்டு அதைக் கொண்டு ஒரு மனிதரைத் தேடிக் கண்டுபிடித்தார். நாங்கள் அதைக் கொண்டு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புகிறோம்.

மேற்கோள் ஏறாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் தெரிந்ததாகிவிட்டால், அதைச் சொன்னவரின் பெயரை எழுத வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. காலராவில் குடலின் உட்சுவர் சிதைவதில்லை, நஞ்சின் தூண்டுதலால் நீரைக் கொட்டுகிறது, அவ்வளவுதான். உப்பையும் குளுக்கோசையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குடலே அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில், நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், திலீப் மஹலனபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்; 30 விழுக்காடு அளவிலிருந்த மரண விகிதம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அந்த அனுபவம் 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்த இதழே எப்போதோ நின்றுவிட்டதால், எங்கள் படிவத்தில், ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் கட்டத்தில் கோடு ஒன்றுதான் போட முடியும். இன்று பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் கேட்கும் தாய்க்கு இவர்களில் ஒருவர் பெயரும் தெரிய வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் லான்செட்டில் வெளியிட்ட கட்டுரையை அந்த இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன, பெரும்பாலும் அது தவறு என்று சொல்வதற்காக. கணக்குப் போடும் இயந்திரத்துக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான்.

கூட்டாய்வு என்ற கட்டத்துக்கு வந்தபோது வேறொரு சிக்கல். டேயின் பட்டியலில் வெளிநாட்டுக் கூட்டு என்று சொல்லத்தக்கதாக எனக்குத் தெரிவது கேமரானோடு லண்டனில் எழுதியதுதான். காலரா பற்றிய பெரிய கட்டுரைகள் எல்லாம் கல்கத்தாவிலேயே, இரண்டொரு சகாக்களோடும் தனியாகவும் எழுதப்பட்டவை. இன்றோ, சியாட்டிலிலிருந்து ஒருங்கிணைக்கப்படும் உலக நோய்ச்சுமை ஆய்வின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அந்த வேலை அவசியமானது, அத்தனை நாடுகளின் தரவை ஒருவர் தனியாகத் திரட்ட முடியாது. ஆனால் ஊர் கூடி இழுத்த தேருக்கு, வடத்தைத் தொட்ட ஒவ்வொருவரும் முழுத் தேரையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அட்டவணை இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்ட நான்கைந்து கட்டுரைகளில் பெயர் வந்துவிட்டால் ஓர் இளம் மருத்துவரின் மேற்கோள் எண்ணிக்கை டேயின் வாழ்நாள் எண்ணிக்கையைத் தாண்டிவிடக்கூடும்.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் ஒரு காலத்தில், அதுவும் நம் ஊரிலேயே இருந்தது. டேயின் கட்டுரை வந்த அதே 1959இல், சென்னைச் சேத்துப்பட்டின் காசநோய் மருத்துவச் சிகிச்சை மையம் ஓர் ஆய்வை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. மாத்திரை சாப்பிட்டபடி வீட்டிலேயே இருக்கும் காசநோயாளி, சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைகிறார் என்று அது காட்டியது; அவர் வீட்டில் இருப்பதால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடுவதில்லை என்பதை அதே மையத்தின் தொடர் ஆய்வுகள் காட்டின. சானடோரியம் என்ற ஏற்பாட்டையே உலகம் கைவிடுவதற்கு வழி திறந்த ஆய்வு. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மையத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. வீடு வீடாகப் போய் மாத்திரைகளை எண்ணிய செவிலியர் முதல் அங்கே வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ் வரை ஒருவருடைய எச்-இன்டெக்ஸும் அந்தக் கட்டுரையால் ஏறவில்லை.

2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்ற பிரகடனத்துக்கு வித்திட்டார்கள். என்னிடம் கேட்டால் அவ்வளவு பெரிய பிரகடனம்கூட வேண்டாம். விண்ணப்பிப்பவர் தன்னுடைய மூன்று கட்டுரைகளை மட்டும் கொடுக்கட்டும், ஒவ்வொன்றாலும் என்ன மாறியது என்று பத்து வரி எழுதட்டும், தேர்வுக் குழுவினர் அந்த மூன்றையும் உண்மையிலேயே படிக்கட்டும் என்பேன். குழுவினருக்கு நேரமில்லை என்பார்கள். இரண்டு வாரம் செலவழித்து ஒருவரை மூன்று ஆட்களிலிருந்து ஓர் ஆளாக்க எனக்கு நேரம் இருந்ததே.

அந்த இணைப் பேராசிரியர் மறுநாள் பட்டியலைச் சரிபார்க்க வந்தபோது, எல்லாக் கட்டுரைகளையும் விட்டுவிட்டு, மேற்கோள்களின் இறங்குவரிசையில் பதினொன்றாவதாக இருந்த ஒன்றைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தவர்களில் பலருக்கு உண்ணிக் காய்ச்சல் இருந்ததைப் பற்றி, ஒரு சிறிய இந்திய இதழில் அவர் எழுதியது. அதன்பிறகுதான் எங்கள் மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளி வந்தால் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் பீடியால் சுட்டதுபோன்ற கறுத்த தழும்பு இருக்கிறதா என்று பயிற்சி மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். "சார், இதை முதல்ல போட முடியுமா?" என்று கேட்டார். படிவம் எண்ணிக்கைப்படி தானாகவே அடுக்கிக்கொள்ளும், நம்மால் மாற்ற முடியாது என்றேன். அந்தக் கட்டுரைக்கு நான்கு மேற்கோள்கள். எச்-இன்டெக்ஸ் 8 என்பதால் அது கணக்கில் சேராது.