பேரீச்சம்பழத்துக்குப் போடாத பெட்டி

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தே குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி அண்ணன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உக்ரேன் போர்க் காணொளி. சேற்றுப் பாதையில் ஓர் எம்-113 கவச வாகனம் ஓடுகிறது. எங்கிருந்தோ ஒரு ட்ரோன் பாய்ந்து வந்து அதன் விலாவில் மோதுகிறது. புகை.

"பார்த்தாயா தம்பி, அறுபது வயதுத் தகரப் பெட்டி! பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை அந்தப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்கள்" என்றார்.

"கொஞ்சம் பின்னால் ஓட்டுங்கள், அண்ணே" என்றேன்.

எல்லோரும் நெருப்பைப் பார்ப்பார்கள். நான் வண்டியின் பின்பக்கக் கதவைப் பார்ப்பேன். பழக்கதோஷம். 1990களின் தொடக்கத்தில் என் தேசிய சேவைக் காலம் முழுவதும் அந்தப் பெட்டியின் ஓட்டுநர் இருக்கையில்தான் கழிந்தது. அந்தக் காணொளியில் கதவு கீழே சாய்ந்து திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஆறு பேர் இறங்கி மரங்களுக்குள் ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி முழுதாகப் பற்றி எரிந்தது. அண்ணன் இதைக் கவனிக்கவே இல்லை.

உள்ளே உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த வண்டியின் குணம் தெரியும். ஓட்டுநருக்கு இடம் முன்னால் இடப்பக்கம். வலப்பக்கம், ஒரு தகட்டுக்கு அப்பால், டீசல் இயந்திரம். லிம் சூ காங் பக்கத்து மதிய வெயிலில் வலது தொடை வெந்தே போகும். சக்கரம் போன்ற சுக்கான் கிடையாது. இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இடப்பக்கத்தை இழுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும், இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிற்கும். ஒருமுறை மழைச் சேற்றில் அவசரப்பட்டுத் திருப்பிவிட்டேன். சங்கிலிப்பட்டை கழன்றுகொண்டது. நாங்கள் அதை 'டிராக்' என்றே சொல்வோம். இறுக்கத்தைத் தளர்த்தி, ஆணியை அடித்து வெளியே எடுத்து, கடப்பாரை போட்டுப் பட்டையை மறுபடி உருளைகள்மேல் ஏற்றிக் கோத்து, கிரீஸ் அடைத்து இறுக்கி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. சார்ஜண்ட் அன்று நான்கு மொழிகளில் என்னை வாழ்த்தினார். தமிழும் அதில் உண்டு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டி பழையதென்றால் அதன் ஒவ்வொரு நோய்க்கும் எங்கோ ஒரு மெக்கானிக்குக்கு மருந்து தெரியும் என்றும் பொருள். எம்-113 அமெரிக்கப் படையில் சேர்ந்தது 1960இல். பின்னாளில் அதில் பொருத்திய டெட்ராய்ட் டீசல், லாரிகளிலும் படகுகளிலும் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லா வகைகளையும் சேர்த்தால் 80,000க்கு மேல் தயாரித்திருக்கிறார்கள். புத்தம்புதிய வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைந்தாலும் ஐரோப்பாவின் மறுகோடியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கும். இதைச் சேற்றில் படுத்துக்கொண்டே சரிசெய்துவிடலாம்.

ஆனால் அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதன் கவசம் அலுமினியம். துப்பாக்கிக் குண்டையும் குண்டுச் சிதறல்களையும் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு வைத்த வேலையும் அவ்வளவுதான். பன்னிரண்டு டன் எடையில், ஓட்டுநர், வண்டித் தலைவர் தவிர பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, சண்டை நடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பவேண்டிய டாக்சி அது. கல்யாண வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற டாக்சியை மணமேடைவரை ஓட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? போர்களில் திரும்பத் திரும்ப அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

வியட்நாமின் மீகாங் வடிநிலத்தில் ஆப் பாக் என்ற ஊரில் 1963 ஜனவரி 2ஆம் தேதி தென்வியட்நாம் படை இந்த வண்டிகளை டாங்கி போல நேராக ஏவியது. மேலே மார்பு தெரிய நின்று இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைச் சுற்றித் தகடு பொருத்தும் யோசனை வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2014 ஜூலையில், காஸாவின் ஷெஜாயாவில் இஸ்ரேலின் எம்-113 ஒன்று தாக்கப்பட்டு ஏழு படைவீரர்கள் இறந்தார்கள். கவச எதிர்ப்பு ஆயுதங்கள் காத்திருக்கும் நகரத் தெருவுக்குள் அலுமினியப் பெட்டியை அனுப்பியவர்களைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அதே இஸ்ரேல், போர்களில் அரபு நாடுகளிடம் கைப்பற்றிய பழைய சோவியத் டி-55 டாங்கிகளின் பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு அச்சாரிட் என்ற கனமான ஆளேற்று வாகனத்தைச் செய்தது. அடிச்சட்டம் எம்-113ஐவிட மூத்தது. எடை நாற்பது டன்னுக்கு மேல். தாங்கும் சக்தியும் பல மடங்கு. பிறந்த தேதியை மட்டும் பார்த்துக் கவச வாகனத்துக்கு ஜாதகம் எழுதக் கூடாது.

உக்ரேன் கதைக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் அமெரிக்கா முதலில் 200 எம்-113களை அறிவித்தது. லித்துவேனியா, போர்ச்சுகல், டென்மார்க், ஆஸ்திரேலியா என்று மற்றவர்களும் தங்கள் கொட்டகைகளைத் திறந்தார்கள். நெதர்லாந்து அதன் ஒன்றுவிட்ட தம்பியான ஒய்பிஆர்-765ஐ அனுப்பியது. பாதி தர்மம், பாதி பரண் ஒழிப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாட்டுக்கு ஒரு மாதிரி, மாதிரிக்கு ஓர் உதிரிப்பாகம் என்று கொடுத்ததில் பழுதுபார்ப்பவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதைப் பட்டையோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஊகிக்க முடிகிறது.

எதிர்ப்பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 1950களில் வந்த பிடிஆர்-50 கவச வாகனம் முதல், பீரங்கி இழுக்கச் செய்த எம்டி-எல்பி வரை ரஷ்யாவும் கிடங்கிலிருந்து எடுத்துவந்தது. 2024இல் டாங்கிகள்மேல் தகரக் கொட்டகை கட்டி ஆமை மாதிரி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளில்கூடத் தாக்குதலுக்குப் போனார்கள்.

அண்ணனிடம் நான் கேட்டது இதுதான். எம்-113 வேண்டாம் என்றால் அந்த ஆறு பேருக்கு வேறு என்ன கிடைக்கும்? நவீன வாகனம் எல்லோருக்கும் போதுகிற எண்ணிக்கையில் எங்கே இருக்கிறது? கிடைப்பது பிக்கப் வண்டி, இல்லையென்றால் இரண்டு கால். காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் திறந்த வயலில் நடப்பதையும், சிதறல்களைத் தடுக்கும் ஒரு பெட்டிக்குள் அவனைக் கிடத்திப் பத்து நிமிடத்தில் ஓட்டிவருவதையும் ஒன்றாகப் பேச என்னால் முடியாது. அங்கே மீட்பு வேலைக்கு இந்த வண்டியை ஓயாமல் பயன்படுத்துவதும் அதனால்தான். சில நூறு வெள்ளி ட்ரோன் எந்த வண்டியையும் எரிக்கும். பல மில்லியன் வெள்ளி டாங்கியும் அதே நெருப்பில்தான் எரிகிறது. வண்டி போகட்டும், கதவு திறந்ததா இல்லையா என்பதுதான் என் கணக்கு.

நம் ஊரிலும் 1970களிலிருந்து இது ஓடியிருக்கிறது. பிறகு 'அல்ட்ரா' என்று மெருகேற்றி, 40 மில்லிமீட்டர் எறிகுண்டுத் துப்பாக்கியும் கனரக இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்த சிறு கோபுரம் வைத்தார்கள். சுடுபவன் தலையை வெளியே நீட்டவேண்டாம். ஆப் பாக் பாடம் ஒருவழியாக இங்கேயும் வந்துசேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். 2019 ஜூனில் ஹன்டர் என்ற புதிய கவச வாகனம் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. எடை ஏறக்குறைய முப்பது டன். உள்ளே திரைகள், கேமராக்கள். என் தொடை பொறாமைப்படுகிறது.

மகன் இப்போது கவசப் படையில்தான் சேவை செய்கிறான். ஞாயிறு மாலை முகாமுக்குக் கிளம்பும்போது அந்தக் காணொளியைக் காட்டினேன். அவன் நெருப்பைப் பார்த்தான். "கதவைப் பார்டா" என்றேன். இரண்டாவது முறை பார்த்துவிட்டு, "ஆறு பேர்" என்றான்.

"உங்கள் வண்டியில் மின்சாரம் போய்விட்டால் பின்கதவைக் கையால் திறக்க முடியுமா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அதையெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது, அப்பா" என்று சிரித்துவிட்டுப் போனான்.