சம்பளம் கூடினாலும் போகத்தான் செய்வார்கள்

தாதியர் வெளிநாடு போகிறார்கள் என்ற செய்தியின் கீழே "காசு ஆசை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. என் மனைவி தாதி உத்தியோகத்தர். திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் பல வருடங்களாக வேலை செய்கிறார். அவருடன் படித்தவர்கள் பலர் போய்விட்டார்கள். விடைபெற வந்தவர்கள் எங்கள் விறாந்தையில் இருந்து பேசியதைக் கேட்டவன் நான். சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினார்கள். பேச்செல்லாம் கடமைப் பட்டியலைப் பற்றித்தான்.

காலைக் கடமை 7 மணி முதல் 1 மணி வரை. மாலை 1 முதல் 7 வரை. இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆள் குறைந்த வார்ட்டில் காலையும் இரவும் ஒரே நாளில் ஒருவர் தலையிலேயே விழும். பகல் ஒரு மணிக்கு முடிந்து, அடுத்தவரிடம் நோயாளர்களை ஒப்படைத்து, வீடு வந்து சேர இரண்டு மணி. சமையல், துவையல், பிள்ளையின் கணக்குக் கொப்பி. கண்ணை மூடினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாலை ஆறரைக்கு மறுபடியும் வெள்ளைச் சீருடை. 24 மணி நேரத்தில் 18 மணி நேர வேலை. விடியப்புறம் நான்கு மணிக்கு உங்கள் அப்பாவுக்கு இன்சுலின் அளவு பார்த்து ஏற்றுவது அந்தக் கைதான்.

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாதப் பட்டியலின் பிரதி ஒட்டியிருக்கும். மாதம் பாதி கழியும்போது அது நீல மையும் சிவப்பு மையும் வெட்டும் திருத்தமுமாகக் கிடக்கும். ஒருவர் சுகவீன விடுமுறை எடுத்தால் தொலைபேசி அடிக்கும். கோணேசர் தேருக்குப் போகலாம் என்று பிள்ளைக்குச் சொன்ன வாக்கு அந்த அழைப்போடு போய்விடும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977இலேயே தாதியருக்கென ஓர் உடன்படிக்கையையும் பரிந்துரையையும் கொண்டுவந்தது. இரண்டு கடமைகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும், குடும்பத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் அளவுக்கு முன்கூட்டியே பட்டியல் கையில் கிடைக்க வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்த 12 மணி நேரம் ஆறாகச் சுருங்கி நிற்கிறது.

நோயாளருக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில வைத்தியசாலைகளை லிண்டா எய்கன் குழுவினர் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதிக்கு ஒரு நோயாளர் கூடும்போது, சத்திரசிகிச்சை செய்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. தாதியர் வேலையில் சலித்துச் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஒருவர் போனால் மிஞ்சியவர்களின் சுமை ஏறுகிறது. சுமை ஏறியதால் அடுத்தவர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்.

காசு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பித்தான் பலர் வீட்டுக் கடன் கட்டுகிறார்கள். 2025 வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டியபோது அந்தக் கொடுப்பனவின் கணக்கு முறையும் மாறியது; கொடுப்பனவு குறைகிறது என்று மார்ச் மாதத்தில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. சங்கங்களின் கோபம் நியாயமானது. ஆனால் தூக்கத்தை விற்றால்தான் குடும்பம் ஓடும் என்ற ஏற்பாட்டையே காப்பாற்றப் போராட வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியிருக்கிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தூர இடத்தவர்களின் பாடு இன்னும் மோசம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுப்பாதைக்குக் காத்து நிற்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் இரவு ஏழு மணிக்கு நகரில் கடமை முடித்து மூதூர்ப் பக்கம் போக வேண்டிய ஒரு பெண், பஸ் கிடைக்குமா என்ற பதற்றத்தோடுதான் கடைசி மருந்தைக் கொடுக்கிறாள். கடமை முடியும் நேரத்துக்கு ஒரு வாகனம், இரவிலும் பிள்ளைகளை விட்டுப் போகக்கூடிய ஒரு பராமரிப்பு அறை, இரண்டு வாரத்துக்கு முன்பே உறுதியாகும் பட்டியல்: இவற்றுக்காகக் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் இதைப் படிப்பீர்கள். கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் ஊரில் காசு சேர்த்தவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். கூட்டத்துக்கு வார்ட்டில் வேலை செய்யும் ஒரு தாதியையும் கூப்பிடுங்கள், அவருக்குக் கடமை இல்லாத நாளாகப் பார்த்து.