"இது சிங்கப்பூர், இங்க அதெல்லாம் நடக்காது" என்று சொன்ன ஐயாவுக்கு

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஓர் அக்கா எழுந்து கேட்டார். மகனின் வகுப்பில் ஒரு பையன் நோட்டுப் புத்தகம் முழுக்கத் துப்பாக்கியும் இரத்தமுமாக வரைகிறான், யாரோடும் பேசுவதில்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் அந்தப் பையனுக்குக் கெடுதல் வந்துவிடுமா? இவ்வளவுதான் கேள்வி. கேட்கும்போதே அவர் குரல் நடுங்கியது. மேடையில் இருந்த ஐயா மைக்கை வாங்கி, "அம்மா, இது அமெரிக்கா இல்ல. இங்க துப்பாக்கியத் தொட்டா தூக்கு. நம்ம பிள்ளைங்கள நாம பிரம்பக் காட்டி வளக்குறோம். இது சிங்கப்பூர், இங்க அதெல்லாம் நடக்காது" என்றார். கைதட்டினார்கள். மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது. அந்த அக்கா சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

ஐயா, இங்கே நடந்திருக்கிறது. 2021 ஜூலை 19, ரிவர் வேலி உயர்நிலைப்பள்ளி. 13 வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில், 16 வயது மாணவன் கையில் இருந்த கோடரியால் இறந்துபோனான். நான் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறேன். என் மகனுக்கும் அப்போது 13 வயது. பள்ளி வாசலில் பூங்கொத்துகளை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் போன பேருந்தில் உட்கார்ந்திருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் மறந்துவிட்டோமா?

நம்மிடம் துப்பாக்கி இல்லாததற்குக் காரணம் சட்டம். நம் வளர்ப்பு என்று மார்தட்டிக்கொள்ளாதீர்கள். 1973-ல் கொண்டுவந்த ஆயுதக் குற்றச் சட்டத்தில், ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியால் சுட்டால் மரண தண்டனை. ஆனால் இதே நாட்டில்தான் 18 வயதுப் பையன்கள் ஆயிரக்கணக்கில் தேசிய சேவைக்குப் போய் ரைஃபிள் பிடிக்கிறார்கள். என் தம்பி சொல்வான்: சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாவைக்கூட எண்ணி ஒப்படைக்க வேண்டும், என்னிடம் எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும், துப்பாக்கி ஆர்ம்ஸ்கோட் என்கிற ஆயுத அறைக்குள் போய்ப் பூட்டப்படும். நல்ல வளர்ப்பே போதும் என்றால் எதற்காக எண்ணுகிறார்கள்?

மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாம் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களா? ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச் 13 அன்று ஒரு தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் புகுந்து 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றான். ஐந்து, ஆறு வயதுப் பிஞ்சுகள். அந்த ஊர்க்காரர்கள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கே தடை வந்தது. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் செத்தார்கள். அது பள்ளிக்கூடம் இல்லைதான். ஆனால் 12 நாளில் எல்லா மாநிலங்களும் புதுச் சட்டத்துக்கு ஒத்துக்கொண்டன, ஏறக்குறைய 6,50,000 துப்பாக்கிகளை அரசாங்கம் காசு கொடுத்து வாங்கி அழித்தது. ஜெர்மனியில் 2002-ல் எர்ஃபுர்ட் பள்ளியில் 16 பேர் இறந்த பிறகு, 25 வயதுக்குக் கீழே இருப்பவர் முதல் துப்பாக்கி வாங்க மனநலச் சான்று கட்டாயமாயிற்று. 2009-ல் வின்னென்டனில் ஒரு பையன் அப்பாவின் படுக்கையறையில் பூட்டாமல் கிடந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் 15 பேரைக் கொன்றான். அதற்குப் பிறகு, துப்பாக்கியைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்களா என்று அதிகாரிகள் சொல்லாமல் வீட்டுக்கே வந்து பார்க்கலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

அமெரிக்கா இந்த அளவுக்குச் செய்யவில்லை, அது உண்மை. 2012-ல் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் ஒருவன் சுட்டு 20 பிள்ளைகள் இறந்து நான்கு மாதத்துக்குப் பிறகு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. 60 ஓட்டு வேண்டும், 54தான் கிடைத்தது. 2022-ல் டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தபோது, 376 அதிகாரிகள் வந்து நின்றும் 77 நிமிடம் வகுப்பறைக்குள் போகவில்லை. எனக்கும் வயிறு எரிகிறது. அதற்காக அவர்கள் துக்கத்தை வைத்து நாம் கைதட்டிக்கொள்வதா?

ஐயா சிரித்துத் தள்ளிய அந்தப் படத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர் 30, மிச்சிகன் மாநிலம், ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப்பள்ளி. 15 வயது மாணவன் கணக்குத் தாளில் துப்பாக்கியும் இரத்தமும் வரைந்து, எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். ஆசிரியர் பார்த்தார். பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை, பையையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. சில மணி நேரத்தில் நான்கு மாணவர்கள் பிணம். அந்தத் துப்பாக்கியை அப்பா நான்கு நாளைக்கு முன்புதான் வாங்கிக் கொடுத்திருந்தார். 2024-ல் தாய்க்கும் தந்தைக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறை. செர்பியாவின் பெல்கிரேடில் 2023 மே 3 அன்று ஒரு பள்ளியில் ஒன்பது பிள்ளைகளும் ஒரு பள்ளிக் காவலரும் சாகக் காரணமான 13 வயதுப் பையனும் வகுப்பறையைப் படமாக வரைந்து, பெயர்ப் பட்டியல் எழுதி வைத்திருந்தான். படம் என்றால் விளையாட்டு என்று இன்னும் சொல்வீர்களா?

வரைகிற பிள்ளை எல்லாம் கொலை செய்வான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வேதனையில்தான் வரைகிறார்கள். அதற்காகத்தான் போய்க் கேட்கச் சொல்கிறேன்.

"ஒரு பிள்ளையைப் போட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா" என்று தோழி ஒருத்தி நேற்று கேட்டாள். இந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. ஒரு தடவை பெயர் அடிபட்டால் அந்தப் பையனை மற்ற பெற்றோர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அமெரிக்க ரகசியச் சேவையும் அந்நாட்டுக் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தபோது, 81 விழுக்காட்டில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு. அவர்கள் சொல்லாமல் இருந்தார்கள். சொன்னால் திட்டு விழும், சொன்னால் நம்ப மாட்டார்கள். சனிக்கிழமை அந்த அக்காவுக்கு நடந்ததும் அதுதானே? பெரியவர் கேட்டதற்கே இந்தக் கதி என்றால், அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளை வாயைத் திறப்பானா?

"அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே" என்பார்கள். செய்கிறது, மறுக்கவில்லை. 2021-க்குப் பிறகு, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஆசிரிய ஆலோசகர்களை 1,000-க்கு மேல் ஆக்கப்போவதாகக் கல்வி அமைச்சு சொன்னது. 2023-க்குள் அரையாண்டுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆலோசகர் அறை திறந்திருக்கிறது. பிள்ளையை உள்ளே விடாமல் வாசலில் மறித்து நிற்பது நாம்.

நானும் மறித்து நின்றவள்தான். மகன் உயர்நிலை இரண்டில் இருந்தபோது வகுப்பாசிரியர் கூப்பிட்டு, சாப்பிட மாட்டேன் என்கிறான், ஆலோசகரைப் பார்க்கட்டும் என்றார். "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். மாமியார் செய்வினை என்றார், கோயிலுக்குப் போனோம், மந்திரித்தோம். சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். ஏழு மாதம். கடைசியில் அவன் என்னைக் கேட்காமல் தானாகவே அந்த அறைக் கதவைத் தட்டினான். அதனால்தான் பிழைத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். இப்போது 18 வயது, தேசிய சேவைக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். போன வாரம்தான் சொன்னான்: "அம்மா, அப்ப நீ ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பிரம்பைக் காட்டி வளர்த்ததைப் பெருமையாகப் பேசும்போது எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று இப்போதாவது புரிகிறதா?

பிரம்படிதான் பிள்ளையைக் காப்பாற்றும் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அடிக்குப் பயந்த பிள்ளை உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

நாட்டைக் குறை சொல்கிறேன் என்று எழுதாதீர்கள். இந்த நாட்டில்தான் பிள்ளையைக் காலையில் பயமில்லாமல் பள்ளிக்கு அனுப்புகிறேன். இந்தச் சட்டம் என் கழுத்துத் தாலி மாதிரி எனக்கு. அந்த நிம்மதியைக் காட்டி ஒரு தாயின் வாயை அடைக்கக் கூடாது என்கிறேன்.

அந்த அக்காவின் எண்ணை நேற்று ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பேசினேன். "நான் தப்பா எதுவும் கேட்டுட்டேனா தங்கச்சி?" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. நாளை அவரோடு பள்ளிக்குப் போகிறேன், ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியாயிற்று. அடுத்த கூட்டத்துக்கும் அவரைக் கையோடு அழைத்து வருவேன். முதல் வரிசையில் உட்காருவோம். விட்ட இடத்திலிருந்து அவர் கேட்கட்டும். ஐயா, அன்றைக்கு மைக் அவர் கையிலேயே இருக்கட்டும்.