படம் இல்லாதவர்களுக்கும் இடம் கொடுங்கள்

பழைய நோட்டு சேர்ப்பவர்கள் இரண்டாம் உலகப் போரில் இருந்த தங்கள் தாத்தாக்களின் படங்களை, சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் வெளியிட்ட வாழைமரப் படம் போட்ட நோட்டுகளோடு வைத்து மரியாதை செய்ததைப் படித்தேன், நல்ல காரியம். ஆனால் எல்லாப் படத்திலும் சீருடைதான்! சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவர்களில் கல்லறை இல்லாத 24,000க்கும் அதிகமான வீரர்களின் பெயர் இருக்கிறது, இங்கே எஸ்பிளனேட் பூங்காவில் 1945இல் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐஎன்ஏ (இந்திய தேசிய ராணுவம்) நினைவுச்சின்னத்தை பிரிட்டிஷார் இடித்துப் போட்டாலும் இன்று அங்கே ஓர் அடையாளக் கல்லாவது உண்டு. சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் கொண்டுபோன தமிழர்கள்? எங்கள் அப்பத்தாவின் அண்ணன் ஜொகூரிலிருந்து அப்படிப் போனவர், திரும்பவே இல்லை, வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அவர் துப்பாக்கி பிடிக்கவில்லை, சரி, அதனால் என்ன? அடுத்த முறை இவர்களுக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள், வெறும் பெயரை எழுதி வைத்தாலும் போதும்.