வாசனையே இல்லையேக்கா!

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். நெயில் ஸ்டுடியோவுக்குத் துணைக்குப் போனேன். மருதாணி அரைத்து வைத்தால் போதாதா என்று கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கண்ணாடிக் கதவு, ஏசி, நாலு மேஜை. ஜன்னல் கிடையாது. எங்களுக்கு நகம் செய்ய வந்த பெண்ணுக்கு ஊர் செய்யாறு பக்கம். இருபத்திரண்டு வயசிருக்கும். ஜெல் பாலிஷ் போட ஆரம்பித்ததும் வலது கை கிளவுஸைக் கழற்றி வைத்தாள். "பிடி கிடைக்கமாட்டேங்குதுக்கா." ஆட்காட்டி விரல் நுனியில் தோல் வெடித்து, பூண்டுத் தோல் மாதிரி உரிந்திருந்தது.

"என்னம்மா இது?"

"சோப்பு ஒத்துக்கலக்கா."

"ஜெல்லாலயா இருக்குமோ?"

"அதுல வாசனையே இல்லையேக்கா. அது ஒண்ணும் பண்ணாது."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். நாம் எல்லோருமே மூக்கை நம்பித்தான் இருக்கிறோம். நெடி அடித்தால் கெமிக்கல், அடிக்காவிட்டால் நல்லது.

சாதா நெயில் பாலிஷில் நெடி வருவது எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களால். ரிமூவரில் அசிட்டோன். மூடிய அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் தலைவலி, கண் எரிச்சல் வரும். இதைத் தவிர டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டில் தாலேட் என்று பேர்போன மூன்று நச்சுகளும் சிலதில் உண்டு. 'இந்த மூன்றும் இல்லை' என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் நான் முழுசாக நம்பமாட்டேன். 2012இல் கலிஃபோர்னியா அரசுத் துறை சோதித்துப் பார்த்தபோது, டொலுவீன் இல்லை என்று சொல்லி விற்ற 12 பொருட்களில் 10இல் அது இருந்தது.

ஜெல் கதை வேறு. அதில் இருப்பது அக்ரிலேட் வகை ரசாயனங்கள், முக்கியமாக ஹெமா (HEMA) என்பது. நெடி பெரிதாக இருக்காது. புற ஊதா விளக்கில் காட்டி முழுசாக இறுகிவிட்டால் பெரும்பாலும் சாதுதான். இறுகாத திரவம் தோலில் திரும்பத் திரும்பப் படும்போதுதான் வில்லங்கம். உடம்பு ஒருநாள் அதை எதிரியாக முடிவு கட்டிவிட்டால் அந்த அலர்ஜி ஆயுசுக்கும் போகாது. விரலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பல் அடைப்புக்கும் மூட்டு மாற்று அறுவைக்கான சிமென்ட்டுக்கும் இதே குடும்பத்துச் சரக்குதான் பயன்படுகிறது, அங்கேயும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாதா பாலிஷ் அலர்ஜி இன்னும் தந்திரக்காரி. விரலை விட்டுவிட்டுக் கண் இமையில் தடிப்பாக வரும், நாம் கண்மையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா கலந்த நகப் பூச்சுகளைத் தொழில்முறை ஆட்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறது. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை, விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத் திறனைப் பாதித்ததால், 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டது. இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆன்லைனில் கிட் வாங்கி, சோப்பு டப்பா சைஸ் விளக்கை வைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் போட்டுவிடுகிறது. அந்த விளக்கு அந்த ஜெல்லுக்குப் பொருந்தாவிட்டால் மேலே பளபளப்பு, அடியில் ஈரம்.

உடனே 'அதான் இயற்கைக்குத் திரும்பணும்' என்று கமெண்ட் போட வராதீர்கள். பத்து நிமிஷத்தில் கருப்பாகப் பிடிக்கும் 'கருப்பு மருதாணி'யில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி (PPD) என்ற ரசாயனம் கலந்து, கை கொப்பளித்த கதையும் உண்டு.

கல்யாணப் பெண் ஆசைக்கு ஒருநாள் போட்டுக்கொள்வதைப் பற்றி எனக்குப் புகாரில்லை. அவளுக்கு ஒன்றரை மணி நேரம். செய்யாற்றுப் பெண்ணுக்குத் தினம் பத்து மணி நேரம். அவள் போட்டிருந்த சாதா சர்ஜிக்கல் மாஸ்க் நகம் ராவும் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கிளவுஸிலும் அக்ரிலேட் சில நிமிஷங்களில் ஊடுருவும், அடிக்கடி மாற்ற வேண்டும். மேஜையிலேயே காற்றை இழுத்து வெளியே தள்ளும் வசதி வேண்டும்.

பில் கட்டும்போது ஓனரம்மாவிடம் எக்ஸாஸ்ட் பற்றிக் கேட்டேன். "ஏசி இருக்கே மேடம்" என்றார். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும் என்றேன். சிரித்தார். நாங்கள் கட்டிய பில்லுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கியிருக்கலாம்.

பில்லின் பின்பக்கம் 'தோல் டாக்டர், பேட்ச் டெஸ்ட், அக்ரிலேட்' என்று எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனைதான் பேட்ச் டெஸ்ட். சீட்டை மடித்து டிராயரில் போட்டாள். அதற்குள் அடுத்த கஸ்டமர் உட்கார்ந்தாயிற்று.