தோத்துப் போறதுக்கும் கையில காசு வேணும்
"சீக்கிரம் தோத்துப் போங்க, அதுதான் பாடம்"னு தொழில்ல தோத்துப் போறதைப் பத்தின உங்க கட்டுரைல எழுதிருக்கீங்க, அடுத்தவங்க முதலீட்டுல ஆரம்பிச்சவங்களுக்கு அது சரியா இருக்கலாம், வீட்டுக்காரம்மா செயினை அடகு வெச்சு ஆரம்பிச்சவனுக்கு சரிப்படாது. நான் பழைய வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி ஒரு மாடில ஆறு மெஷின் போட்டு நைட்டி தெச்சு குடுத்துட்டு இருந்தேன், சரக்குல ஒரு குறையும் இல்ல, டிசைனும் புதுசு, நல்லா ஓடிட்டும் இருந்துச்சு, ஆனா பெரிய ஆர்டர் எடுத்த ஒரு கடைக்காரரு அடுத்த வாரம் அடுத்த வாரம்னு ஏழு மாசம் இழுத்தாரு, அதுக்குள்ள வாடகை, கூலி, வட்டி எல்லாம் கழுத்தை நெரிச்சிருச்சு. ஓவர்லாக் மெஷினை அந்த குறுகலான படில இறக்குனப்போ ஊசில கோத்த மஞ்சள் நூல் அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு, இன்னைக்கும் கண்ணுலயே நிக்குது. மேல கமெண்ட்ல ஒருத்தர் "பயந்தவன் தொழிலுக்கு வரக்கூடாது"ன்னு போட்டிருக்காரு, அண்ணே எனக்கு பயம் இல்ல, சட்டம் தெரியல. 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி, அதாவது குறு, சிறு, நடுத்தர தொழில் சட்டப்படி, சின்ன யூனிட்டுகிட்ட சரக்கு வாங்குனா அதிகபட்சம் 45 நாள்ல பணம் குடுத்தாகணும், தாண்டுனா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி, உத்யம்ங்கிற அரசாங்க தொழில் பதிவு இருந்தா ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், அந்த பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஒரு ஆடிட்டர் இதை எனக்கு சொன்னப்போ மெஷின் எல்லாத்தையும் வித்தாச்சு. மனசை எப்படி தேத்திக்கிறதுன்னு இவ்ளோ எழுதுனீங்க, தயவுசெஞ்சு இதையும் கட்டுரைல சேருங்க, புதுசா வர்ற பசங்க படிக்கட்டும். இப்போ திரும்ப ரெண்டு மெஷின் போட்டிருக்கேன், பாதி அட்வான்ஸ் கைக்கு வராம துணில கத்திரி வெக்கிறது இல்ல.